குனிந்திருக்கும் நாள்கள்

விழித்திரையின் மையத்தில் விழும் துளையை அறுவை சிகிச்சையால் மூட முடியும் என்பதை 1991-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் நீல் கெல்லி, ராபர்ட் வெண்டல் ஆகியோர் அறிவித்தனர். கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்தை அகற்றி, அவ்விடத்தில் வாயுவை நிரப்புவார்கள். வாயுக் குமிழி மேல்நோக்கியே எழும். துளையோ கண்ணின் பின்புறத்தில் உள்ளது. முகம் தரையை நோக்கியிருந்தால்தான் குமிழி துளையின்மீது படிந்து நிற்கும்.

எனவே, மருத்துவர் குறிப்பிடும் நாள்கள்வரை நோயாளி குனிந்தோ, குப்புறப் படுத்தோ இருக்க வேண்டும். சிறிய துளைகளுக்கு இக்காலம் குறைவு. பெரிய துளைகளுக்கு ஒரு வாரமோ, அதற்கு மேலோ ஆகலாம். மேசைமேல் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்துச் சமாளிப்போர் உண்டு. ஆனால், வலி தாளாமல் தலை நிமிர்ந்தால் குமிழி விலகிவிடும்.

மார்பையும் முகத்தையும் தாங்கும் இருக்கை, குப்புறப் படுக்க முகத்தாங்கி மெத்தை, குனிந்தபடியே எதிரிலிருப்பவரைக் காண உதவும் கண்ணாடி ஆகியவை அமெரிக்காவில் வாடகைக்குக் கிடைக்கின்றன. சில நாள்களே தேவைப்படும் பொருளுக்கு வாடகையே சிக்கனம். எனினும், அறுவை சிகிச்சைச் செலவை ஏற்கும் அந்நாட்டின் மெடிகேர் காப்பீடு, இக்கருவிகளின் வாடகையைப் பொதுவாக ஏற்பதில்லை.

பெருஞ்செலவில் செய்த சிகிச்சையின் பலனை, சிறுசெலவை மறுத்துப் பணயம் வைப்பது சிக்கனமாகாது. இந்த இருக்கை வசதிப் பொருளன்று. சிகிச்சையின் ஒரு பகுதி. காப்பீட்டுத் திட்டங்கள் அதை அவ்வாறே கருத வேண்டும்.