கவுனி அரிசி: விதை காத்தவர்களுக்குப் பங்கு உண்டா?

காரைக்குடிப் பக்கம் கல்யாண விருந்து என்றால் கவுனி அரிசி இனிப்புக்குத் தனி மவுசு. இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்த்துருவல், நெய் சேர்த்துக் கிளறுவார்கள். அரிசியின் கருநிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி.

நாளை ஒரு வெளிநாட்டு நிறுவனம் அந்த நிறமியைப் பிரித்து மாத்திரையாக்கி விற்க நினைத்தால்?

2002-ம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். லாபத்தில் பங்கு தர வேண்டும் என ஆணையம் நிபந்தனை போடலாம். கவுனியைப் பயிரிடும் உள்ளூர் விவசாயிக்கு இந்தக் கெடுபிடி இல்லை.

சட்டம் வருமுன்பே இதற்கு முன்னுதாரணம் உண்டு. அகத்தியமலை காணி மக்கள் காட்டிக்கொடுத்த மூலிகை ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள் 'ஜீவனி' மருந்தை உருவாக்கினார்கள். 1995-ல் அதைத் தயாரிக்கும் உரிமையைக் கோவை ஆர்ய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாய்க்குப் பெற்றது. அதில் பாதி காணிகளுக்கு என முடிவானது.

பங்கு கேட்க, 'இது எங்கள் ஊர் விதை' என்ற பதிவு கையில் இருந்தால் பலம். அதற்காகத்தான் உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. உங்கள் ஊராட்சிப் பதிவேட்டில் கவுனியின் பெயர் இருக்கிறதா? அடுத்த கிராம சபையில் கேட்டுப் பாருங்கள்!