கல்வியும் இருதயமும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. அந்தச் செல்வத்தைக் காப்பதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு என்றால் சிலர் வியப்படையலாம். இருதய நோய் என்றதும் எண்ணெய்ப் பலகாரம், புகைப் பழக்கம், ஓயாத கவலை என்று காரணங்களை அடுக்குகிறோம். நோயாளி எத்தனை ஆண்டுகள் படித்தார் என்று நாம் கேட்பதில்லை. ஆராய்ச்சியாளர்கள் அதையும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் ஏறக்குறைய 14,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். 45 வயதிலிருந்து 85 வயதுக்குள் மாரடைப்பு, இருதயச் செயலிழப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்றேனும் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதே கேள்வி. தொடக்க நிலைப் படிப்போடு நின்ற பெண்களில் 100-க்கு 51 பேருக்கும், பட்ட மேற்படிப்புப் படித்த பெண்களில் 28 பேருக்கும் அந்த ஆபத்து இருந்தது. ஆண்களில் இது முறையே 59, 42 ஆகும். ஒரே அளவு வருமானம் உள்ளவர்களை ஒப்பிட்டபோதும் இவ்வேற்றுமை மறையவில்லை.

நம் நாட்டின் நிலை என்ன? கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் பல நாடுகளில் நடந்த பேராய்வில் நம் சென்னையும் இடம்பெற்றது. 20 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய அதன் முடிவு 2019-இல் வெளியாயிற்று. இந்தியா உள்ளிட்ட வருமானம் குறைந்த நாடுகளில், உயர்கல்வி பெற்றவர்களைவிட, தொடக்கப் பள்ளியோடு நின்றவர்களுக்கு இருதய, இரத்தக் குழாய் நோய்கள் இரு மடங்குக்கு மேல் வந்தன. ஆனால் நோய்க்குக் காரணமானவற்றை மொத்தமாகக் கணக்கிட்டால், படிக்காதவர்களின் நிலையே சற்று மேலாக இருந்தது! அப்படியானால் அவர்களை வீழ்த்தியது எது? தக்க வைத்தியம் கிட்டாமையே முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. இந்தியா முழுவதும் 20,000-க்கும் மேற்பட்ட இருதய நோயாளிகளில் பாதிப்பேர் மருத்துவமனையை அடைய 6 மணி நேரமோ அதற்கு மேலோ ஆயிற்று. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் வசதி படைத்தவர்களில் 100-க்கு 5.5, ஏழைகளில் 8.2. இருவருக்கும் கிடைத்த சிகிச்சையின் வேற்றுமையைக் கணக்கில் கொண்டபோது இந்த இடைவெளி மறைந்தது. ஏழையின் இருதயம் பலவீனமானதன்று. அதற்குக் கிடைத்த உதவிதான் குறைவு.

இதை நம் தாம்பரத்திலேயே எண்ணிப் பார்க்கலாம். மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மாளும், குரோம்பேட்டையில் வீட்டு வேலை செய்யும் அக்காளும் நாள் முழுதும் உழைப்பவர்கள். அவர்களுக்கு நெஞ்சு வலித்தால் வாயு என்று எண்ணிச் சோடா குடித்துவிட்டு வேலையைத் தொடரக் கூடும். பெண்களுக்கு மாரடைப்பு, மூச்சுத் திணறலாகவும், குமட்டலாகவும், தாடையிலோ முதுகிலோ வலியாகவும் வரலாம் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? மாத்திரைச் சீட்டைப் படிக்க இயலாதவர், இரத்தக் கொதிப்பு மாத்திரையை "உடம்பு சரியாகிவிட்டது" என்று பாதியில் நிறுத்திவிடலாம். கல்வி இருதயத்தைக் காப்பது இந்தச் சிறு சிறு இடங்களில்தான்.

சிகிச்சை நமக்குத் தொலைவில் இல்லை. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சையை டாக்டர் கே. எம். செரியன் 1975-இல் செய்தது நம் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில்தான். 108 இலவச ஆம்புலன்ஸ் 2008 முதல் தமிழகத்தில் ஓடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதல் மாத்திரைகள் கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் தொடங்கிற்று. இவை இருப்பதை அறிந்தவருக்கே இவை பயன்படும்.

தோழியரே! பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்த எண்ணும் தோழி யாரேனும் இருந்தால், அவளைத் தொடர்ந்து படிக்கச் சொல்லுங்கள். அவள் பெற்றோரிடமும் எடுத்துக் கூறுங்கள். நம் கல்வி நமக்கு மட்டும் உரியதன்று. இன்று மாலையே பாட்டியின் மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்து விளக்குங்கள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு 108 என்ற எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். நாம் கற்ற எழுத்து ஓர் உயிரைக் காக்குமானால், அதைவிடப் பெரிய பரிசு வேறென்ன?