உங்களுக்குத் தெரியுமா? ஏலத்துக்குப் போகும் ஏலம்

ராசிங்காபுரத்தில் விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குவார்கள். அந்தக் காய் ஸ்டோரில் உலர்ந்து போடிநாயக்கனூருக்கோ புற்றடிக்கோ ஏலத்துக்குப் போகும். தோட்டத்திலும் ஏலம், விற்பனையிலும் ஏலம். இரண்டும் ஒரே சொல்லா?

இல்லை. செடியின் பெயர் இந்த மலைப்பக்கத்துப் பழஞ்சொல். விற்பனை ஏலம், சாவியும் அலமாரியும் வந்த போர்த்துகீசியக் கப்பலில் வந்தது. அவர்கள் சொன்னது 'லெய்லாவ்'. அதற்கும் மூலம் 'அறிவிப்பு' என்று பொருள்படும் அரபுச் சொல். தமிழ்ச் சொல் லகரத்தில் தொடங்காது, அதனால் முதல் எழுத்து உதிர்ந்துவிட்டது. போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அது திரும்பக் கிடைக்கும்: மலையாளத்தில் 'லேலம்'. இந்தியில் 'நீலாம்'.

ஏலம் விடுவதை ஆங்கிலத்தில் 'ஆக்‌ஷன்' என்கிறார்கள். அதன் வேர் 'அவ்கேரே' என்ற லத்தீன் வினை. கூட்டு, பெருக்கு, வளர்த்தெடு என்று பொருள். ஆள் மேல் ஆள் விலையைக் கூட்டுவதால் வந்த பெயர். நூலாசிரியரைச் சொல்லும் 'ஆத்தர்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். ஒன்றை வளர்த்து உருவாக்குபவர் ஆத்தர். எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பெயர் அமையாது.

சண்டைப் படத்து ஆக்‌ஷன் வேறு. அது 'அகெரே', செய் என்ற வினையிலிருந்து வந்தது. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ரோமில் ஏலம் போடும் இடத்தில் ஈட்டியை நட்டுவைப்பார்கள். போரில் பிடித்த பொருளை விற்ற காலத்து அடையாளம் அது. ஸ்பானியர்கள் இன்றும் ஏலத்தை 'சுபாஸ்தா' என்கிறார்கள்: 'ஈட்டியின் கீழ்'. கி.பி. 193இல் ரோமப் பேரரசே ஏலம் போனது. காவல் படையினர் ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் கேட்பில் அதை டிடியஸ் யூலியானுஸுக்குக் கொடுத்தார்கள். அவர் ஆண்டது இரண்டே மாதம். பிறகு கொன்றுவிட்டார்கள்.

போடியில் இப்போது ஒரு தரம், ரெண்டு தரம் என்ற கூவல் இல்லை, கணினியில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் மாதிரிக் காயைக் கையில் வாங்காமல் எந்த வியாபாரியும் விலை வைப்பதில்லை. பச்சை வெளுக்காமல் இருக்கிறதா, எட்டு மில்லிமீட்டர் தேறுமா என்று பார்ப்பார். நகத்தால் பிளந்து உள்ளே விதை கறுத்திருக்கிறதா என்றும் பார்ப்பார். 2018 வெள்ளமும் அடுத்து வந்த மழைக்குறைவும் விளைச்சலைக் குறைத்ததால், 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஜீப்பில் போனவர்களின் கூலி அப்படி ஏறவில்லை. இதைச் சொல்லாமல் அந்த விலையை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

விலை இறங்கும் ஏலமும் உண்டு. ஹாலந்தின் பூச்சந்தையில் விலை உச்சியில் தொடங்கிக் கீழே வரும்; முதலில் பொத்தானை அழுத்துபவருக்குப் பூ. 'டச்சு ஆக்‌ஷன்' என்று அதற்கும் ஏறுகிற பெயரைத்தான் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள்.

லத்தீனும் நம்மிடம் வாங்கியிருக்கிறது. டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹார்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் ஏலச்செடி 'எலெத்தரி' என்று இருக்கிறது. ஏலத்தரி, அதாவது ஏல அரிசி. தாவரவியலார் இன்று எழுதும் 'எலெட்டாரியா கார்டமோமம்' என்ற பெயரில் பின்பாதி கிரேக்கம். முன்பாதி இந்த மலைச்சரிவு.