பஸ்சில் புகை இல்லை, அத்திப்பட்டில் புகை!

2050 கெடுவை எட்டிப் பிடிக்குமா சென்னை?

வியாசர்பாடி டெப்போவில் இருந்து 2025 ஜூன் 30–ந் தேதி 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. புகை இல்லை, உறுமல் இல்லை. பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் மூக்கைப் பொத்த வேண்டாம்.

சரி, அந்த பஸ்சுக்குக் கரண்டு எங்கேயிருந்து வருது? அங்கேதான் சிக்கல்!

வாக்குறுதி ஒரு பக்கம்

2050–க்குள் சென்னையை "கார்பன் சமநிலை" நகரமாக்குவோம் என்று 2023 ஜூனில் மாநகராட்சி திட்டம் வெளியிட்டது. வெளியே விடும் கரிப்புகையும், மரமும் மண்ணும் இழுத்துக்கொள்வதும் சரிக்குச் சரி. கடைக்காரரின் வரவு–செலவு மாதிரிதான்!

அடுத்த மார்ச்சிலேயே அத்திப்பட்டில் 800 மெகாவாட் அனல் மின் நிலையம் திறக்கப்பட்டது. அதற்குத் தீனி நிலக்கரி!

முக்கால் பங்கு

திட்டக் கணக்குப்படி, நகரின் கரிப்புகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வீடு, கடை, தொழிற்சாலைகளின் மின்சாரத்தாலும் எரிபொருளாலும் வருவது. பஸ், லாரி, ஸ்கூட்டர் எல்லாம் சேர்ந்தாலும் அதைவிட ரொம்பக் குறைவுதான். மீதி குப்பையும் கழிவுநீரும்.

ராத்திரிக்கு என்ன வழி?

ஆரல்வாய்மொழி காற்றாலைகள் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில்தான் ஜோராகச் சுற்றும். சூரிய மின்சாரம் பொழுது சாய்ந்தால் காலி. புழுக்கமான ராத்திரியில் ஊரே ஏ.சி. போடும்போது கை கொடுப்பது கரிதான். பகல் மின்சாரத்தைச் சேமிக்கும் ராட்சத பேட்டரிகள் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

தாமதித்தால்? கடல் சூடேற, மேகம் கூடுதலாகத் தண்ணீர் சுமக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கழுத்தளவு தண்ணீர் பார்த்த வேளச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

பஸ் மாறியாச்சு. கரண்டு எப்போ மாறும்?