மில் மூடினால் கூலி உண்டா?

"மின்சாரம் இல்லை, பத்து நாளைக்கு மில் மூடல்" என்று வாயிலில் பலகை தொங்கினால், வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? இதற்கு 'லே ஆஃப்' என்று பெயர். வருஷம் முழுதும் ஓடும், 50 பேருக்குக் குறையாத ஆலையில், ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும் என்று நம் நாட்டில் 1953-இல் விதி வந்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் பாருங்கள், அவ்வப்போது கூப்பிடும் காஷுவல் தொழிலாளிக்கும், வராதவர் இடத்தில் நிற்கும் பதிலிக்கும் அது கிடையாது! யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் இல்லை.

பதிலிக்கு மட்டும் ஒரு வழி உண்டு. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்துவிட்டால், அப்புறம் சட்டத்தின் கண்ணில் அவர் பதிலி அல்ல. சம்பளத்தோடு எடுத்த பிரசவ விடுப்பும் இந்தக் கணக்கில் சேரும், சகோதரிகளே! ஆகவே பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள். வேலைக்குப் போன நாளையெல்லாம் குறியுங்கள். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

பாதிச் சம்பளத்துக்கு உரியவர் மில்தான் மூடியிருக்கிறதே என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது. குறித்த நேரத்தில் தினம் ஒரு தடவை போய்த் தலைகாட்டாவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும்.