இலை பார்க்க இரண்டு நாள் லீவு!

காலை 7 மணி. அப்பா ஆபீசுக்குப் புறப்படுகிறார். குழந்தை தூங்கிக்கொண்டு இருக்கிறது.

இரவு 11 மணி. அப்பா வீடு திரும்புகிறார். அப்போதும் குழந்தை தூங்கிக்கொண்டு இருக்கிறது!

ஜப்பான் நாட்டுத் தலைநகர் டோக்கியோவில் எத்தனையோ வீடுகளில் இதுதான் கதை. அப்பா எப்படி இருப்பார் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். அன்றும் பாதி நாள் அவர் தூங்கிவிடுவார்.

ஜப்பானியர் உழைப்புக்குப் பெயர் போனவர்கள். அந்த உழைப்பு சில சமயம் உயிரையே குடித்துவிடுகிறது. அளவு மீறி வேலை செய்து சாவதற்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது. "கரோஷி" என்பது அந்தச் சொல்.

இதைத் தடுக்க 2014-ம் ஆண்டில் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் நவம்பர் மாதம் முழுவதும் இதற்காகப் பிரசாரம் நடக்கிறது. 2019-ம் ஆண்டில் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஓவர்டைம் வேலை சாதாரணமாக மாதத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. சம்பளத்தோடு 10 நாள் லீவு பெறும் தொழிலாளி, அதில் 5 நாளாவது லீவு எடுத்தே தீரவேண்டும். அதைக் கவனிக்காத முதலாளிக்கு அபராதம்!

நம் ஊரில் லீவு கேட்டுத் தொழிலாளி தலையைச் சொறிவார். அங்கே "லீவு எடுங்கள்" என்று முதலாளி கெஞ்சவேண்டி இருக்கிறது. தான் லீவு போட்டால் தன் வேலை பக்கத்து மேஜைக்காரர் தலையில் விழுமே என்று ஒவ்வொருவரும் கூசுகிறார்கள்.

சட்டத்துக்கும் அசையாத இந்த மனிதர்களை ஆண்டுக்கு ஒரு முறை வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுகிறது, ஒரு மரத்தின் இலை!

இலை வேட்டை

அது மேப்பிள் மரத்தின் இலை. குழந்தையின் கை போல விரல் விரலாகப் பிரிந்து இருக்கும். கோடை முழுவதும் பச்சை. இரவுக் குளிர் 8 டிகிரி அளவுக்கு இறங்கியதும் நிறம் மாறத் தொடங்கும். இலையில் உள்ள பச்சையம் அழிகிறது. அதுவரை மறைந்து கிடந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. இலையில் தங்கிய சர்க்கரையில் இருந்து சிவப்பு புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் இருந்தால், மலையே தீப்பிடித்ததுபோல் இருக்கும்.

இதைப் பார்க்கப் போவதற்கு "மொமிஜிகாரி" என்று பெயர். "இலை வேட்டை" என்று பொருள். வில் இல்லை, அம்பு இல்லை. வெறும் கண்தான்!

ராஜாக்களும் பிரபுக்களும் ஆயிரம் ஆண்டுக்கு முன் செய்த வேட்டை இது. இன்று மாதச் சம்பளக்காரர் குடும்பத்தோடு செய்கிறார். எந்த ஊரில் என்று இலை சிவக்கும் என்று பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். வடக்கே ஹொக்கைடோ மலைகளில் செப்டம்பரில் சிவப்பு தொடங்கும். மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி, டிசம்பர் முதல் வாரம் வரை போகும்.

ஆனால் ஒரு ஊருக்கு முழு அழகு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஒரு காற்று அடித்தால் தீர்ந்தது! விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஒரு டோக்கியோ குடும்பத்தை மனதில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா, அம்மா, 11 வயது மகன், 7 வயது மகள். ஜூலையில் கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு. "ஆபீசில் அவசரம். அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார் அப்பா. ஆகஸ்டிலும் அதே பதில். கடல் எங்கும் ஓடிவிடாது அல்லவா?

இலையிடம் இந்தச் சாக்கு செல்லாது. அக்டோபரில் ஒரு நாள் இரவு அம்மா சொல்லிவிட்டாள்: "இந்தச் சனிக்கிழமை விட்டால் அடுத்த வருஷம்தான்."

அப்பா லீவுச் சீட்டு எழுதினார். சனிக்கிழமையும் ஆபீஸ் உள்ள மனிதர் அவர்!

எழுத்துக்கு ஒரு வளைவு

அவர்கள் போவது நிக்கோ என்ற மலை ஊர். டோக்கியோவுக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டர். ரெயிலில் இரண்டு மணி நேரப் பயணம். மரப்பெட்டி போன்ற அட்டைப் பெட்டியில் சோறு, மீன், ஊறுகாய் எல்லாம் அறை அறையாக அடுக்கி ஸ்டேஷனில் விற்பார்கள். ரெயில் கிளம்பியதும் பெட்டியைத் திறப்பதே ஒரு கொண்டாட்டம்.

நிக்கோவில் இறங்கி, மலை ஏறும் பஸ்சைப் பிடிக்கவேண்டும். மேலே 1,269 மீட்டர் உயரத்தில் சூசென்ஜி என்ற ஏரி இருக்கிறது. அக்டோபர் நடுவில் அந்த ஏரிக்கரை சிவக்கும். கீழே உள்ள ஊர் நவம்பரில்தான் சிவக்கும்.

ஏரிக்குப் போகும் மலைப் பாதையின் பெயர் "இரோஹாசாகா". ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. இரண்டிலும் சேர்த்து 48 கொண்டை ஊசி வளைவுகள். பழைய ஜப்பானிய அரிச்சுவடியிலும் 48 எழுத்து. ஆகவே வளைவுக்கு ஒரு எழுத்து எழுதிப் பலகை நட்டுவிட்டார்கள்! நம் ஊரில் "அ, ஆ, இ, ஈ" என்று வளைவுக்குப் பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். ஏறும்போது 20 எழுத்து. மீதி 28 எழுத்து இறங்கும்போது.

அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். அது சாதாரண நாளில். இலை சிவந்த சனிக்கிழமையில் டோக்கியோவே அங்கு வந்து நிற்கும். இரண்டு மணி, மூன்று மணி நேரம்கூட ஆகும்!

பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் கார், பின்னாலும் கார். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பார்த்தார். கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டார். போக இடம் இல்லை. செய்ய வேலை இல்லை. மகள் ஜன்னலில் மூக்கை வைத்து, "அடுத்த எழுத்து என்ன அப்பா?" என்றாள். அப்பா சொன்னார். மகன் பள்ளிக்கூடத்துச் சண்டை ஒன்றைச் சொல்லத் தொடங்கினான். அது நடந்து நான்கு மாதம் ஆகிறதாம்! அப்பாவுக்கு இப்போதுதான் தெரியும்.

ஏரியையும் இலையையும் பார்க்க வந்தவர்களுக்கு இந்தப் பஸ் நெரிசல் கிடைத்ததை நஷ்டம் என்று சொல்ல மனம் வரவில்லை.

வெந்நீர்க் குளம்

மாலையில் ஏரிக்கரை விடுதி. தரையில் கோரைப் பாய். அதன்மேல் மெத்தை விரித்து நால்வரும் வரிசையாகப் படுக்கவேண்டும். டோக்கியோ வீட்டில் ஆளுக்கு ஒரு மூலை. இங்கே ஒரே அறை.

படுக்கும் முன் குளியல். எரிமலை நாடு அல்லவா? பூமிக்குள் இருந்தே வெந்நீர் வருகிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. வெளியே சோப்புப் போட்டு அழுக்குப் போகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, அலுப்புப் போக்க! மகன் அப்பாவுக்கு முதுகு தேய்த்துவிட்டான். நம் வீட்டுத் தீபாவளிக் குளியல் நினைவுக்கு வருகிறதா?

சாப்பாட்டில் "யுபா" இருந்தது. சோயாப் பாலைக் காய்ச்சினால் மேலே படியும் ஆடை அது. நிக்கோவுக்கு அதுதான் புகழ். (ஒசாகா பக்கத்தில் மினோ என்ற இடத்தில் மேப்பிள் இலையையே உப்பில் ஊறப்போட்டு, மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து விற்கிறார்கள். இலை பஜ்ஜி!)

மறுநாள் ஞாயிறு. 97 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் கேகோன் அருவியைப் பார்த்தார்கள். கீழே ஊருக்கு வந்து, 1636-ம் ஆண்டில் புதுப்பித்துக் கட்டிய தோஷோகு கோவிலுக்குப் போனார்கள். காது, வாய், கண் பொத்திய மூன்று குரங்குகள் அங்கே மரத்தில் செதுக்கப்பட்டு இருக்கின்றன. காந்தி அடிகள் வைத்திருந்த பொம்மைக் குரங்குகள் இந்த வம்சம்தான்!

ரெயில் ஏறும் முன் அப்பா கடைக்கு ஓடினார். ஒரு பெரிய பெட்டி இனிப்பு வாங்கினார். வீட்டுக்கு அல்ல, ஆபீசுக்கு! வெளியூர் போனவர் கூட வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று வாங்கி வருவது அங்கே வழக்கம். லீவு எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பது போலத்தான்.

திங்கட்கிழமை காலை 7 மணி. குழந்தைகள் தூங்கிக்கொண்டு இருந்தார்கள். மகளின் நோட்டுப் புத்தகத்துக்குள் விடுதி வாசலில் பொறுக்கிய சிவப்பு இலை ஒன்று. அப்பா இனிப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அவருடைய லீவுக் கணக்கில் இன்னும் 4 நாள் பாக்கி.