பெயர் மாறலாம், இலக்கம் மாறாது: சேர்வரில் எந்த வன்தட்டு பழுது?

எமது சங்கங்களிலும் தமிழ்ப் பாடசாலைகளிலும் சிலவற்றில் இன்று ஒரு லினக்ஸ் சேர்வர் இயங்குகிறது. ஊர்ப் படங்கள், ஸ்கான் செய்த உறுதிகள், வருடக்கணக்கான கணக்கு வழக்குகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. எட்டு, பன்னிரண்டு வன்தட்டுகள் சேர்ந்த பெட்டியில் ஒன்று பழுதானால், எதைக் கழற்றுவது என்ற கேள்வி வரும். பிழையானதைக் கழற்றினால் இழப்பு எமக்குத்தான்.

லினக்ஸ் தன் வன்தட்டுகளை எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று அழைக்கிறது. எஸ்டிஇசட் வரை 26 முடிந்ததும் எஸ்டிஏஏ என்று தொடரும். இந்தப் பெயர்கள் தட்டில் எழுதப்பட்டவை அல்ல. கணினி தொடங்கும்போது கண்டுகொள்ளும் ஒழுங்கில் கொடுக்கப்படும் வரிசைத் துண்டுகள். ஒரு தட்டு பிந்தி எழும்பினாலோ, ஒன்று செத்துப்போனாலோ, யூஎஸ்பி தட்டு ஒன்று செருகியிருந்தாலோ மற்றவற்றின் பெயர்கள் நகர்ந்துவிடலாம். நேற்றைய எஸ்டிசி இன்று எஸ்டிபி ஆகலாம். ஆகவே எஸ்டிசி என்றால் இடமிருந்து மூன்றாவது தட்டு என்று எண்ணிக் கழற்றக்கூடாது.

இது எமக்குப் புதிய விடயமல்ல. ஊரில் முதலெழுத்தாக இருந்த தகப்பன் பெயர் இங்கே குடும்பப் பெயராகிவிட்டது. ஒவ்வொரு அலுவலகமும் எமது பெயரை ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. கடைசியில் ஆளை உறுதிப்படுத்துவது கோப்பு இலக்கம்தான். வன்தட்டுக்கும் அப்படியான இலக்கங்கள் உண்டு.

முதலாவது, தொழிற்சாலை கொடுத்த தொடரிலக்கம். தட்டின் லேபலிலும் அச்சிடப்பட்டிருக்கும், கணினிக்கும் தெரியும். ‘/டெவ்/டிஸ்க்/பை-ஐடி’ என்ற அடைவில் பார்க்கலாம். தட்டைக் கழற்றும்போது இதையே நம்ப வேண்டும்.

இரண்டாவது, யூயூஐடி. ஃபோர்மட் செய்யும்போது கோப்பமைப்புக்குள் எழுதப்படும் நீண்ட இலக்கம் இது. ‘எஃப்எஸ்டாப்’ கோப்பில் எஸ்டிபி1 என்று எழுதாமல் இதை எழுதினால், பெயர் நகர்ந்தாலும் சரியான தட்டே இணையும். ஆனால் ஒரு தட்டை அப்படியே பிரதி எடுத்தால் யூயூஐடியும் சேர்ந்து பிரதியாகும். இரண்டையும் ஒரே நேரத்தில் பூட்டி வைக்கக்கூடாது.

மூன்றாவது, ‘பை-பாத்’. இது தட்டை அல்ல, அது பூட்டியிருக்கும் இடத்தைக் குறிக்கும்.

பெரிய அமைப்புகளில் ஒரே தட்டுக்கு இரண்டு கேபிள் வழிகள் இருக்கும். அப்போது அது இரண்டு பெயர்களில் தெரியும். ஒரே வவுச்சரை இரண்டு தரம் பதிந்ததுபோல இரண்டு தட்டு என்று எண்ணக்கூடாது. தொடரிலக்கம் ஒன்றாக இருந்தால் தட்டும் ஒன்றே. இவற்றை ஒரே பெயரின் கீழ் கொண்டுவருவது ‘மல்டிபாத்’ என்ற மென்பொருளின் வேலை.

‘எஃப்எஸ்டாப்’பில் ‘நோஃபெயில்’ என்று சேர்த்தால், தட்டு ஒன்று இல்லாவிட்டாலும் சேர்வர் எழும்பும். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. பிரதியெடுப்பு வேலை, தட்டு இல்லாத வெறும் அடைவுக்குள் எழுதிக்கொண்டே போகலாம். தட்டு இணைந்திருக்கிறதா என்று முதலில் சரிபார்க்கும்படி அந்த வேலையை அமைக்க வேண்டும்.

ரெயிட் 5 அமைப்பு ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். பழுதானது உள்ளே இருக்க நல்லதைக் கழற்றினால் இரண்டு போனதாகி முழு அமைப்பும் நின்றுவிடும். அந்தப் பதற்றத்தில் நல்ல தட்டை அழித்து ஃபோர்மட் செய்தால், உள்ளே இருந்தவற்றை மீட்பது கடினம்.

எனவே சேர்வர் நன்றாக இருக்கும்போதே ஒரு பதிவேடு திறவுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி: இடம், தொடரிலக்கம், யூயூஐடி, பூட்டிய திகதி. தொடரிலக்கத்தின் கடைசி நான்கு எழுத்துகளைத் தட்டின் முகப்பிலும் ஒட்டுங்கள். கழற்றுமுன் ஒருவர் திரையில் உள்ள இலக்கத்தை வாசிக்க, மற்றவர் லேபலோடு ஒப்பிடட்டும். காசுப் பெட்டியை எண்ண இருவர் இருப்பதுபோல இதற்கும் இருவர் வேண்டும். எல்லாவற்றின் இன்னொரு பிரதி வேறொரு கட்டடத்திலும் இருக்கட்டும்.